பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: நிறுவுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் மாமனாரின் மடிக்கணினியில், விண்டோஸ் போன்ற, ஆனால் இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸை நான் முதன்முறை நிறுவியபோது, வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காலை அவர் தம் கோப்புகளைத் திறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்திருந்த கடிதங்கள், கோயில் திருப்பணிக் கணக்குகள், தம் தந்தையாரைப் பற்றி எழுதி வந்த குறிப்புகள் ஆகிய அனைத்தும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. ஒரு கோப்பும் அழியவில்லை. அவர் பயன்படுத்திய எழுத்துரு மட்டுமே புதிய இயங்குதளத்தில் இல்லை. அதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். மீண்டும் அதைத் திறக்கச் செய்ய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

தவறு முழுவதும் என்னுடையது. நிறுவும் முறையைப் படித்துக்கொண்டு சென்ற நான், அந்த வீட்டில் அந்தக் கணினியைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. அதன் பிறகு குடியாத்தத்தில் அக்கா வீட்டிலும், காட்பாடியில் எங்கள் வீட்டிலும், எங்கள் தெருவில் வேறு இரண்டு வீடுகளிலும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். இப்போது நான் பின்பற்றும் வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். நிறுவுதல் இதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

முதலில் ஒரு தாள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்துபவரின் அருகில் அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் அன்றாடம் திறப்பவை எவை, மாதம் ஒருமுறை திறப்பவை எவை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படுபவை எவை என்று கேட்டு எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வருமான வரிப் படிவமோ, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பமோ கடைசி நாளில்தான் நினைவுக்கு வரும்.

குடியாத்தத்தில் அக்கா வீட்டார் கைலித் தறி வைத்திருப்பவர்கள். நெசவாளர் கூலிக் கணக்கு எக்செல் கோப்பில் இருக்கிறது, வாட்ஸ்அப் வலைப்பதிப்பில் ஆர்டர்கள் வருகின்றன, மின்கட்டணம் உலாவியில் கட்டப்படுகிறது, மாதம் இருபது முப்பது பில்கள் அச்சிடப்படுகின்றன. இவ்வளவுதான் அவர்கள் கணினி. உலாவியில் நடக்கும் வேலைகள் அனைத்தும் ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமியத்திலோ முன்போலவே நடக்கும். அவற்றுக்கு எதிரே ஒரு சரிக்குறி போட்டுவிடலாம். கோப்பு சார்ந்த வேலைகளுக்கும் பிரிண்டருக்கும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அவற்றைப் பிறகு சோதிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. வீட்டுத் தொழிலின் கணக்கு டேலியில் இருந்தால், அது விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள் என்பதால், அந்தக் கணினியை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. மின்கையொப்பத்திற்காக யுஎஸ்பியில் செருகும் டோக்கனும், கைரேகைக் கருவியும் இதே வகையைச் சேர்ந்தவை. விண்டோஸுக்கு மட்டும் இயக்கி மென்பொருள் (கருவியைக் கணினியோடு சேர்ந்து வேலை செய்யவைப்பது) தரப்பட்டிருக்கும் கருவியை வைத்துக்கொண்டு ஒருவருடைய பிழைப்போடு நாம் சோதனை செய்யக் கூடாது. அத்தகைய வீட்டில் இரண்டாவது கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதில் தொடங்கலாம்.

எந்தக் கணினி, எந்த லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியும் தேவை என்று மைக்ரோசாஃப்ட் வகுத்திருப்பதால், 2017-க்கு முன் வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் வரிசைக்கு வெளியே நிற்கின்றன. தட்டச்சுக்கும் உலாவிக்கும் கூலிக் கணக்குக்கும் அந்தச் செயலிகள் இன்றும் போதும்.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு வகையும் அலமாரியில் கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்தவை அவை. சி-டாக் எனும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் ஏற்கெனவே இருந்தது என்பது பலருக்கு இன்று நினைவில் இல்லை. 2 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினி என்றால், இன்னொரு ரேம் அட்டை சேர்க்க இடம் இருக்கிறதா என்று பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். 4 ஜிபி ஆனால் பயன்பாடு இயல்பாக இருக்கும்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. நான் நிறுவுவது லினக்ஸ் மிண்ட் எனும் வகையில், எடை குறைந்த திரையமைப்பு கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு எனும் மற்றொரு லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு 2006 முதல் வந்துகொண்டிருக்கும் இதில், 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும், வசதியாக இயங்க 4 ஜிபியும் 100 ஜிபியும் வேண்டும் என்று அதை உருவாக்குபவர்களே குறிப்பிடுகிறார்கள். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாத அமைப்பு அது. டெபியன், ஃபெடோரா ஆகிய பிற லினக்ஸ் வகைகளும் சிறந்தவையே. ஆனால் வீட்டில் முதன்முறையாக ஒருவர் மாறும்போது, அவருக்குச் சந்தேகம் வரும் இடங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

வட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதிலுள்ள சுழலும் ஹார்டு டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பகுதி இல்லாத வட்டு) ஒன்றைப் பொருத்தினால் கிடைக்கும் வேகம், எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் கிடைக்காது. செலவு செய்ய முடியும் என்றால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு, அடுத்தது ரேமுக்கு. கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே பெட்டியில் போட்டு வையுங்கள்; அதைவிட முழுமையான நகல் வேறு இல்லை.

நகல் எடுத்தல்

பழைய வட்டிலேயே நிறுவுவதாக இருந்தால், புகைப்படங்கள், ஆவணங்கள், பதிவிறக்கங்கள் ஆகிய உறைகளை (ஃபோல்டர்களை) வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். நகலெடுத்ததோடு நில்லாமல், வேறொரு கணினியில் அந்த வட்டைச் செருகிப் பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், புத்தகக்குறிகள் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

மிக முக்கியமாக, விண்டோஸின் எழுத்துரு உறையைத் திறந்து, அதில் வீட்டார் நிறுவியிருக்கும் தமிழ் எழுத்துரு கோப்புகளைத் தனி உறையில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பாமினி, வானவில் வகை எழுத்துருக்கள், செந்தமிழ் எழுத்துருக்கள் என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். சத்துவாச்சாரியில் நான் செய்யத் தவறியது இந்த ஐந்து நிமிட வேலையைத்தான்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸ் நிறுவுவதாக இருந்தால் இரண்டு செயல்கள் முன்னதாக வேண்டும். விண்டோஸின் மின் அமைப்புகளில் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எனும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸால் அந்த வட்டில் எழுத முடியாது. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்த பிறகே அடுத்த வேலை.

பென் டிரைவும் சோதனை ஓட்டமும்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். மிண்ட்டின் தளத்திலிருந்து முழு இயங்குதளத்தையும் ஒரே கோப்பாகக் கொண்ட, ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். பதிவிறக்கம் நடுவில் பழுதடைந்ததா என்பதை அறிய, அதே தளத்தில் தரப்பட்டிருக்கும் எஸ்எச்ஏ256 எனும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். விண்டோஸில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின்மேல் வலச்சொடுக்கினால் வரும் பட்டியலிலேயே அந்த எண்ணைக் கணக்கிடலாம். பலர் இதைத் தவிர்க்கிறார்கள். பாதி நிறுவலில் பிழை வந்து நிற்பதற்கு ஒரு காரணம் இந்தத் தவிர்ப்புதான். பிறகு ரூஃபஸ் எனும் சிறு மென்பொருளால் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

கணினியை அணைத்துப் பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் அந்தக் கணினிக்கு உரிய விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தால், வட்டில் எதையும் தொடாமல் முழு இயங்குதளமும் பென் டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும். கணினியை மறுபடி அணைத்தால் பழைய நிலையே இருக்கும்.

இந்தச் சோதனை ஓட்டத்தில் அவசரப்படாதீர்கள். தாளைக் கையில் எடுத்து, கேள்விக்குறி போட்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். சில வைஃபை சில்லுகளுக்கு இயக்கி உடன் வருவதில்லை. அப்போது கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் வழியே இணையத்தைப் பெற்று, மிண்ட்டின் இயக்கி மேலாளரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும்.

அடுத்து, நகலெடுத்த வெளி வட்டைச் செருகி, அவர்கள் அன்றாடம் திறக்கும் உண்மையான கோப்புகளையே, எம்எஸ் ஆபிஸின் வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்து காட்டுங்கள். குடியாத்தத்தில் கூலிக் கணக்குக் கோப்பு எழுத்து பிசகாமல் திறந்தது. கூட்டல் சூத்திரங்கள் அனைத்தும் வேலை செய்தன. மேக்ரோ எனும் தானியங்கிக் கட்டளைகள் எழுதிவைத்த கோப்புகள் மட்டும் அவ்வாறு எப்போதும் நடப்பதில்லை. பில் வடிவத்தில் வரிகள் சற்றே நகர்ந்திருந்தன. காலிப்ரி, கேம்ப்ரியா ஆகிய எழுத்துருக்கள் லினக்ஸோடு வருவதில்லை. அவற்றின் அகலத்திலேயே அமைக்கப்பட்ட கார்லிட்டோ, கலேடியா ஆகிய கட்டற்ற எழுத்துருக்களைச் சேர்த்தபின் வரிகள் தம் இடத்துக்குத் திரும்பின.

பிரிண்டரையும் இப்போதே செருகி ஒரு தமிழ்ப் பக்கத்தை அச்சிடுங்கள். வைஃபை வழியே கைப்பேசியிலிருந்து அச்சிடக்கூடிய புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் தனி இயக்கி இல்லாமலே வேலை செய்யும். எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிஎல்ஐபி எனும் தொகுப்பு மிண்ட்டிலேயே கிடைக்கிறது. பழைய லேசர் பிரிண்டர்களுள் சில, அச்சிட வேண்டிய பக்கத்தை வரையும் வேலையைக் கணினியின் மேல் போட்டுவிடும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அந்தந்த நிறுவனமே லினக்ஸ் இயக்கி தந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு மாலை நேரம் முயன்றும் வெள்ளைத்தாளே வெளியே வந்ததால், அந்த வீட்டில் நான் நிறுவவில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு திரும்பினேன்; அவர்களுக்கு ஒன்றும் இழப்பில்லை. சோதனை ஓட்டம் இருப்பது இதற்காகத்தான்.

நிறுவுதல்

தாளில் எல்லாவற்றுக்கும் சரிக்குறி விழுந்தபின், திரையில் உள்ள நிறுவு எனும் படத்தைச் சொடுக்குங்கள். கேள்விகள் சில மட்டுமே. விசைப்பலகை ஆங்கிலமாகவே இருக்கட்டும். கடவுச்சொல் ஆங்கிலத்தில் அடிக்கப்படுவதால், இங்கே தமிழைத் தேர்ந்துவிட்டுப் பிறகு உள்ளே நுழைய முடியாமல் தவிக்க வேண்டாம். நேர மண்டலத்துக்கு வரைபடத்தில் கொல்கத்தா. எங்கே நிறுவுவது என்ற கேள்வியில் மட்டும் நிதானமாகப் படியுங்கள்: விண்டோஸுக்கு அருகில் என்பது ஒன்று, வட்டு முழுவதையும் அழித்து என்பது மற்றொன்று. மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்தே வைத்திருங்கள். நிறுவலின் நடுவில் மின்சாரம் போய்விட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டு இயங்குதளங்களும் இருக்கும் கணினியில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பயப்பட வேண்டாம். கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதே காரணம். லினக்ஸின் அமைப்பை மாற்றி, அதையும் உள்ளூர் நேரமாகப் படிக்கச் செய்யலாம்.

தமிழ் உள்ளீடு

இந்தப் பகுதியை நான் நீட்டியே எழுதுகிறேன். ஏனெனில் நம் வீடுகளில் லினக்ஸ் நிலைப்பதும் நிலைக்காததும் இங்கேதான் முடிவாகிறது.

சினாப்டிக் எனும் தொகுப்பு மேலாளரைத் திறந்து, ஐபஸ் எனும் உள்ளீட்டுச் சட்டகத்தையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். உள்ளீட்டு முறைக்கான அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பிறகு ஐபஸின் விருப்பங்களில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலிப்பெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எனப் பல முறைகள் வரும். விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

எந்த முறை என்பதைப் பயன்படுத்துபவரின் கைதான் தீர்மானிக்க வேண்டும். என் மாமனார் இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு தேறியவர். அவருக்குப் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பைத் தவிர வேறெதுவும் கொடுப்பது வன்முறை. கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழை அடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு ஒலிப்பெயர்ப்பு வசதியாக இருக்கும். புதிதாகக் கற்பவர்களிடம் மட்டும் தமிழ்99-ஐ நான் வற்புறுத்துகிறேன்.

தமிழ்99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்வரிசைகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் நுட்பம் தமிழின் எழுத்து ஒழுங்கைப் பயன்படுத்திக்கொள்வதில் இருக்கிறது. ஒரே உயிர்மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும்; ஆகவே அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் புள்ளி தானே வரும். க, ங, க, ஐ என்று அடித்தால் கங்கை. புள்ளி வேண்டாத இடத்தில், எடுத்துக்காட்டாக மமதை என்று எழுதும்போது, முதல் மகரத்துக்குப் பின் அகர விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். நாளுக்கு அரைமணி என்று மூன்று வாரம் பழகிய என் அக்காள் மகள், இப்போது விசையைப் பார்க்காமல் அடிக்கிறாள்.

லிப்ரே ஆபிஸில் இன்னொரு தடை காத்திருக்கிறது. தமிழ் வரியைத் தேர்ந்து எழுத்துருவை மாற்றினாலும் சில வேளைகளில் எதுவும் மாறாது. இலத்தீன் எழுத்துக்கு ஒன்று, சீன சப்பானிய எழுத்துகளுக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கலான எழுத்தமைவு உடையவற்றுக்கு ஒன்று என மூன்று எழுத்துருக்களை அது தனித்தனியாக வைத்திருக்கிறது. விருப்பங்களில் மொழி அமைப்புகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்தமைவு என்பதை இயக்கி, இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்துவிட்டால் அந்த எழுத்துருவையும் மாற்ற முடியும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டும் கட்டற்றவை. அச்சில் இரண்டும் தெளிவாக வரும்.

பழைய எழுத்துருக் கோப்புகள்

சத்துவாச்சாரிக் கோப்புகளுக்கு வருகிறேன். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன், தமிழுக்கென்று தனி எண்கள் கணினியில் இல்லாத காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தே எழுத்துருக்கள் செய்யப்பட்டன. பாமினியில் தமிழ் என்று நீங்கள் காணும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் உள்ளபடியே தோன்றும். வானவில், டிஸ்கி, டேப், டேம் ஆகிய பழைய எழுத்து முறைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடவரிசையைக் கொண்டவை. 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்டவை அனைத்தும் இன்னும் நம் வீட்டு வட்டுகளில் பழைய இடவரிசையிலேயே கிடக்கின்றன.

உடனடித் தீர்வு எளிது. நகலெடுத்துவைத்த எழுத்துரு கோப்புகளை உங்கள் வீட்டு உறைக்குள் மறைவாக உள்ள எழுத்துரு உறையில் இட வேண்டும். ஒரு புள்ளியில் தொடங்கி ஃபான்ட்ஸ் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயரிட்ட உறை அது, இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளலாம். கன்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால் மறைந்த உறைகள் கண்ணுக்குத் தெரியும். லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் பழைய கடிதங்கள் மீண்டும் தமிழில் நிற்கும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் கோப்புகளில் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடத் தேட முடியாது, கைப்பேசிக்கு அனுப்பினால் படிக்க முடியாது, எழுத்துரு தொலைந்த நாளில் மீண்டும் குப்பையாகிவிடும். எனவே வேண்டியவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். ஓப்பன் தமிழ் எனும் பைத்தான் நிரல்மொழி நூலகத்தில் பாமினி, டிஸ்கி, வானவில் முதலிய பலவற்றுக்கான மாற்றிகள் இருக்கின்றன. பைத்தான் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே முறையில் மாற்றிக் கொடுப்பான். கவனிக்க வேண்டியது ஒன்று. மாற்றிக்கு ஆங்கிலம் எது, தமிழ் எது என்று தெரியாது. கோப்பில் நடுநடுவே வரும் ஆங்கில முகவரிகளும் பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிடும். லிப்ரே ஆபிஸின் தேடி மாற்றும் சாளரத்தில் எழுத்துருவின் பெயரைக் கொண்டும் தேடலாம் என்பதால், பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள். மூலக்கோப்பை அழிக்காமல் தனி உறையில் வையுங்கள். கணக்குக் கோப்புகளில் அரைப்புள்ளி, அடைப்புக்குறி போன்றவையும் எழுத்தாக மாறிவிடக்கூடும் என்பதால், மாற்றியபின் ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் ஒப்பிடுவதே பாதுகாப்பு. என் மாமனாரின் தந்தையாரைப் பற்றிய குறிப்புகள் அறுபத்து நான்கு பக்கம். அவர் மூலத்தைப் படிக்க நான் மாற்றிய படியில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஐந்து வாரத்தில் முடித்தோம்.

நிறுவியபின்

முதல் நாளிலேயே புதுப்பிப்பு மேலாளரைத் திறந்து திருத்தங்களை இறக்குங்கள். பிறகு டைம்ஷிஃப்ட் எனும் மென்பொருளில் இயங்குதளத்தின் நிலைப்படம் ஒன்று எடுத்துவையுங்கள். ஒரு புதுப்பிப்பால் ஏதேனும் கெட்டால் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் டைம்ஷிஃப்ட் இயல்பாக இயங்குதளத்தின் கோப்புகளை மட்டுமே காக்கும். புகைப்படங்களும் ஆவணங்களும் அதில் இராது; அவற்றை மாதம் ஒருமுறை வெளி வட்டில் நகலெடுக்கும் பழக்கம் தனியாக வேண்டும்.

வீட்டார் முன்பு திரையில் எந்த இடத்தில் எந்தப் படத்தைச் சொடுக்கினார்களோ அதே இடத்தில் புதிய படத்தை வைத்துக் கொடுங்கள். திரை எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள். முதல் வாரம் அவர்களே அழைக்கக் காத்திராமல், நீங்களே சென்று அருகில் உட்காருங்கள்.

வேலூரின் வெயிலுக்கு ஒரு தனிக் குறிப்பு. கத்திரி தொடங்குவதற்கு முன், பங்குனியிலேயே, மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி மின்விசிறியிலும் வெப்பத் தகட்டிலும் அடைந்திருக்கும் தூசியை மென்தூரிகையால் எடுத்துவிடுங்கள். ஐந்து ஆண்டு கடந்த கணினியில் செயலியின் மேல் உள்ள வெப்பப் பசையும் காய்ந்திருக்கும். சேவைக்கடையில் கொடுத்துப் புதிதாகத் தடவச் சொல்லலாம். எக்ஸ்எஃப்சிஇ பட்டையில் வெப்ப உணரியைச் சேர்த்துவிட்டால் செயலியின் வெப்பம் எப்போதும் கண்ணில் படும். சும்மா இருக்கும்போதே 70 பாகையைத் தாண்டி நின்றால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ வைத்து இயக்கக் கூடாது. வட்டின் நலத்தையும் டிஸ்க்ஸ் எனும் மென்பொருளில், வட்டு தன் நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தரவைத் திறந்து அவ்வப்போது பாருங்கள். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் கூடினால், அன்றே நகல் எடுத்துவிட்டு வட்டை மாற்ற வேண்டும்.

பென் டிரைவை அழிக்காதீர்கள். கணினி தொடங்காத நாளில் அதிலிருந்து தொடங்கித்தான் கோப்புகளை மீட்பீர்கள். அதன்மேல் பதிப்பின் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிவையுங்கள். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும், அதைச் சூழ்ந்த க்னூ மென்பொருள்களும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை. படியெடுத்து மற்றவர்க்குக் கொடுக்கும் உரிமையை அந்த உரிமம் எழுத்திலேயே தந்திருக்கிறது. சத்துவாச்சாரியில் நான் பயன்படுத்திய பென் டிரைவ்தான் குடியாத்தம் சென்றது. இப்போது அது அக்காவின் பக்கத்து வீட்டில் இருக்கிறது, அங்கே தாளில் எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.